பொய்யான ஒரு முகவரியும் வட்ஸ்அப்பில் போன ஒரு பட்டியலும்

படிவத்தில் இருந்த முகவரிக்குப் போனால் அங்கே வீடே இல்லை. பனங்கூடலுக்குப் பக்கத்தில் ஒரு வெறும் வளவு, கறையான் அரித்த கிடுகு வேலி, உள்ளே யாரோ கொண்டுவந்து கொட்டிய கட்டட இடிபாடு, அவ்வளவுதான். மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு எதிர் வீட்டில் கேட்டேன். அந்தப் பெயரில் இந்த ஒழுங்கையில் யாரும் இல்லை என்றார்கள். தொலைபேசி இலக்கத்துக்கு எடுத்தால் அது பாவனையில் இல்லை. கையில் இருந்தது ஒரு எச் 544, வைத்தியசாலையில் எழுதும் நோய் அறிவித்தல் படிவம். பத்து வயதுப் பையன், டெங்கு என்று சந்தேகம். காய்ச்சல் தொடங்கிய திகதி, அனுமதித்த திகதி, விடுதி இலக்கம் எல்லாம் ஒழுங்காக நிரப்பியிருந்தது. முகவரி மட்டும் பொய்.

நான் யாழ்ப்பாண மாவட்டத்தில் பொதுச் சுகாதாரப் பரிசோதகராக வேலை செய்கிறேன். எந்தப் பிரிவு, எந்த வருடத்து மாரி என்று எழுதப் போவதில்லை. இதில் வருகிற ஆட்களின் வயது, உறவு, தொழில் சிலவற்றையும் மாற்றியிருக்கிறேன். ஊர்ப் பெயரும் ஒரு வயதும் போதும் இங்கே ஆளைக் கண்டுபிடிக்க. இந்த நிகழ்வே அதைப் பற்றியதுதான்.

முகவரி பிழைப்பது எங்களுக்குப் புதிதில்லை. அடையாள அட்டையில் ஒரு ஊர் இருக்கும், ஆள் இருப்பது இன்னோர் ஊரில். வலிகாமம் வடக்கில் இருந்து இடம்பெயர்ந்து முப்பது வருடமாக வேறு இடத்தில் இருப்பவர்கள் இன்னும் பழைய முகவரியையே சொல்வதுண்டு, அது அவர்களுக்குப் பொய்யும் இல்லை. அப்படியான பிழைகளை எங்களுக்குக் கண்டவுடன் தெரியும். ஆனால் அந்த மாரியில் பத்து நாளுக்குள் மூன்று படிவம், மூன்றும் அக்கம்பக்கத்து இரண்டு கிராமங்களில் இருந்து, மூன்றிலும் யோசித்துக் கட்டிய முகவரி. தொலைபேசி இலக்கத்தில் கடைசி இரண்டு எண் மாற்றப்பட்டிருந்தது. ஏன் என்று தேடிப் போனபோதுதான் மூன்று கிழமைக்கு முந்திய ஓர் இரவு நினைவுக்கு வந்தது.

அதற்கு முதல் இந்தப் படிவம் எப்படிப் பயணம் செய்கிறது என்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் ஒரு முகவரிக்கு ஏன் இவ்வளவு பதறுகிறான் என்று நினைப்பீர்கள். 1897ஆம் ஆண்டின் தனிமைப்படுத்தல் மற்றும் நோய்த் தடுப்புக் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி சில நோய்களை அறிவித்தே ஆகவேண்டும். டெங்கு அந்தப் பட்டியலில் 1996இல் சேர்ந்தது. பரிசோதனை முடிவு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை, வைத்தியருக்குச் சந்தேகம் வந்தாலே விடுதியில் எச் 544 எழுதப்படும். அது நோயாளி வசிக்கும் பிரிவின் சுகாதார வைத்திய அதிகாரியின் அலுவலகத்துக்கு வரும், பதிவேட்டில் ஏறும், பிறகு எங்கள் கைக்கு வரும். நாங்கள் வீட்டுக்குப் போய்ப் பார்த்து எச் 411 என்ற விசாரணை அறிக்கையை எழுதிக் கொடுப்போம். கிழமை முடிய எச் 399 என்ற வாராந்த அறிக்கை கொழும்பில் உள்ள தொற்றுநோயியல் பிரிவுக்குப் போகும். அவர்கள் எல்லா மாவட்டத்தையும் சேர்த்து ஒவ்வொரு வாரமும் வெளியிடுகிறார்கள், யாரும் பார்க்கலாம். அதில் யாழ்ப்பாணத்துக்கு ஒரே ஒரு வரி. டெங்கு, வயிற்றுளைவு, நெருப்புக் காய்ச்சல், எலிக்காய்ச்சல், உண்ணிக்காய்ச்சல், செங்கண்மாரி என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். அந்த வரியின் கடைசியில், எத்தனை பிரிவுகள் நேரத்துக்கு அறிக்கை அனுப்பின என்பதும் சதவீதமாகப் போட்டிருக்கும்.

கவனித்துப் பாருங்கள், கொழும்புக்குப் போகும் வாராந்தக் கணக்கில் யாருடைய பெயரும் இல்லை, அங்கே தேவையும் இல்லை, அவர்களுக்கு வேண்டியது எண்ணிக்கைதான். பெயரும் முகவரியும் தேவைப்படுவது படலையைத் தட்டப் போகிற எங்களுக்கு. படிவத்தில் வீட்டு முகவரி கேட்கும் இடத்திலேயே, பரிசோதகர் வீட்டைக் கண்டுபிடிப்பதற்காக என்று காரணம் அச்சிட்டிருக்கிறது. டெங்கு நுளம்பு ஊர் கடந்து பறப்பதில்லை, பெரும்பாலும் ஒரு இருநூறு மீற்றருக்குள்ளேயே அதன் சீவியம் முடிந்துவிடும். முட்டையில் இருந்து நுளம்பாக ஏழு முதல் பத்து நாள் போதும். அப்படியென்றால் நோயாளியின் வீட்டை ஒரு கிழமை பிந்திக் கண்டுபிடித்தால், அந்தச் சுற்றில் அடுத்த தலைமுறை நுளம்பு பறந்துவிட்டது என்றுதான் அர்த்தம்.

சரி, அந்த இரவுக்கு வருகிறேன்.

மார்கழி மாதம், மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது, விடுதிகளில் கட்டில் இல்லாமல் நிலத்தில் பாய் போட்டிருந்தார்கள். துப்புரவு வேலைகளை ஒழுங்குபடுத்த ஒரு வட்ஸ்அப் குழு இருந்தது. கிராம அலுவலர்கள், அபிவிருத்தி உத்தியோகத்தர்கள், சனசமூக நிலையத் தலைவர்கள், விளையாட்டுக் கழகப் பொடியள், நாங்கள், எல்லாரும் அதில். இரவு ஒன்பது மணி போல ஒரு படம் வந்தது. எக்ஸெல் தாளின் ஸ்கிரீன்ஷொட். பத்தொன்பது வரி. பெயர், வயது, முகவரி, தொலைபேசி இலக்கம், கடைசியில் ‘குறிப்பு’ என்று ஒரு நிரல். கீழே ஒரு வசனம்: நாளைக் காலை இந்த வீடுகளைச் சுற்றிச் சிரமதானம் செய்வோம், எல்லாரும் வாருங்கள்.

போட்டவர் கெட்டவர் இல்லை. அந்த மாதம் முழுக்க நித்திரை இல்லாமல் ஓடியவர். யாரையும் காட்டிக்கொடுக்க வேண்டும் என்ற நினைப்பு அவருக்குக் கனவிலும் வந்திராது. இரண்டு நிமிடத்துக்குள் வரிசையாகக் கைகூப்பும் படங்கள், ‘வருகிறோம்’ என்ற பதில்கள். நானும் அந்தப் படத்தைப் பார்த்தேன். கடைசி நிரலையும் பார்த்தேன். ஒன்றும் சொல்லாமல் போனைச் சார்ஜில் போட்டுவிட்டுப் படுத்தேன். அழித்துவிடுங்கள் என்று ஒரு வரி எழுத எனக்கு அரை நிமிடம் பிடித்திருக்காது. அதை நான் எழுதவில்லை என்பதும் இந்த நிகழ்வின் ஒரு பகுதி, அதனால் எழுதுகிறேன்.

காலையில் படம் குழுவுக்கு வெளியே போய்விட்டது. சந்திக் கடையில் தேத்தண்ணி குடிப்பவர்களின் போனில் இருந்தது. மத்தியானத்துக்குள் ஊர்ச் சங்கத்தின் வைபர் குழு வழியாகக் கனடாவுக்கும் போய்ச் சேர்ந்தது.

பட்டியலில் ஏழாவது வரி ஓர் இளம் பெண். குறிப்பு நிரலில் ‘கர்ப்பிணி, 8 கிழமை’ என்று இருந்தது. அதை எழுதியதற்கு நல்ல காரணம் உண்டு: டெங்கு கர்ப்பிணிகளுக்கு ஆபத்துக் கூடியது, தனியாகக் கவனிக்க வேண்டும், விடுதியில் அது முதல் வரியில் இருக்க வேண்டிய தகவல். ஆனால் அந்த வீட்டில் அதற்கு முதல் இரண்டு தரம் தங்காமல் போயிருக்கிறது. மூன்று மாதம் கழியும்வரை யாருக்கும் சொல்வதில்லை என்று மாமியாரும் மருமகளும் மட்டும் தெரிந்து வைத்திருந்தார்கள். ரொறன்ரோவில் இருந்து பெரியம்மா முறையான ஒருவர் எடுத்து, “மருமகள் முழுகாமல் இருக்கிறாவாமே, எங்களுக்குச் சொல்லேல்லை?” என்று கேட்டாராம். அந்தப் பிள்ளை அப்போது சேலைன் ஏற்றிக்கொண்டு விடுதியில் படுத்திருக்கிறது. பிறகு நான் அந்த வீட்டுக்குப் போனபோது மாமியார் என்னைத் திட்டவில்லை. விறாந்தையில் கதிரை எடுத்துப் போட்டு, தண்ணீர் தந்து, “நாங்கள் ஆசுப்பத்திரியிலதானே ஐயா சொன்னனாங்கள்” என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும்.

பதின்மூன்றாவது வரியில் இருந்தவர் வீட்டில் இடியப்பம் அவித்து இரண்டு கடைக்கும் ஒரு சிற்றுண்டிச்சாலைக்கும் கொடுப்பவர். டெங்கு சாப்பாட்டால் பரவாது, ஒரு நாளும் பரவாது. ஆனால் கடைக்காரருக்கு வாடிக்கையாளர் பயம். ஒரு மாதத்துக்கு மேல் ஓடர் நின்றது. அதே வரியில் தொலைபேசி இலக்கமும் இருந்ததால், காய்ச்சலோடு படுத்திருந்தவருக்கு ஊரில் முன்பின் தெரியாதவர்களும் எடுத்து நலம் விசாரித்தார்கள், சிலர் பப்பாசி இலைச் சாறு குடிக்கச் சொன்னார்கள், ஒருவர் உங்களால்தான் எங்கள் ஒழுங்கைக்கே வந்தது என்றார்.

இந்த இரண்டு கதையும் அந்த இரண்டு கிராமத்துக்கும் தெரியும். அடுத்த காய்ச்சல்காரர்கள் அதைத் தெரிந்துகொண்டுதான் வைத்தியசாலைக்குப் போனார்கள். சிகிச்சையை ஒருவரும் தவிர்க்கவில்லை, அது பெரிய ஆறுதல். முகவரியைத்தான் மாற்றிச் சொன்னார்கள். அதைப் பொய் என்று எழுத எனக்கு இப்போது மனம் வருவதில்லை, அவர்கள் தங்கள் வீட்டைப் பாதுகாத்துக்கொண்டார்கள்.

இந்த மண்ணில் ஒரு பட்டியலில் பெயர் வருவது சாதாரண விசயமும் இல்லை. வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், யார் வந்தார்கள், யார் போனார்கள் என்று எழுதிக் கொடுத்து, குடும்பமாக நின்று படம் எடுத்துக் கொடுத்து வாழ்ந்த சனம் இது. முகவரி கேட்டவுடன் ஏன் என்று திருப்பிக் கேட்கும் பழக்கம் அதில் இருந்து வந்தது. பிறகு 2020 வந்தது. மார்ச் மாதம் அரியாலையில் நடந்த ஒரு ஆராதனைக் கூட்டத்தோடு கொரோனா யாழ்ப்பாணத்துக்கு வந்தபோது, கலந்துகொண்டவர்கள் நோயாளிகளாக அல்ல, குற்றவாளிகளாகவே பேசப்பட்டார்கள். தனிமைப்படுத்தப்பட்ட வீடுகளின் படலையில் அறிவித்தல் ஒட்டினோம். அதை ஒட்டியவர்களில் நானும் ஒருவன். அந்தத் தாளைக் கண்டவர்கள் அந்த ஒழுங்கையையே விட்டு விலகி நடந்தார்கள். அதற்குப் பிறகு எங்கள் உடுப்பைக் கண்டால் படலைக்கு உள்ளே நின்று கதைக்கிறவர்கள் கூடிவிட்டார்கள்.

முகவரியால் என்ன வந்துவிடப் போகிறது என்று யாராவது கேட்டால் 2024 டிசெம்பரைத்தான் காட்டுவேன். நவம்பர் கடைசியில் வெள்ளம். அது வடிந்த கையோடு வடமராட்சிப் பக்கம், கரவெட்டி, பருத்தித்துறை என்று காய்ச்சலும் மூச்சுத்திணறலுமாக ஆட்கள் வந்தார்கள், சில நாட்களுக்குள் 7 பேர் இறந்தார்கள். முதலில் என்ன காய்ச்சல் என்று தெரியாமல் ஊரெல்லாம் மர்மக் காய்ச்சல் என்றார்கள். மாதிரிகளைப் பரிசோதித்த பிறகுதான் எலிக்காய்ச்சல் என்று தெரிந்தது. எலியின் சிறுநீர் கலந்த வெள்ளத்தில், சேற்றில் கால் வைத்தால், தோலில் உள்ள சின்னக் காயம் வழியாகவே கிருமி உள்ளே போகும். தடுப்பதற்கு டொக்சிசைக்கிளின் குளிசை இருக்கிறது, வயலில் இறங்குபவர்களுக்குக் கிழமைக்கு ஒரு தரம் கொடுப்பது. அந்தக் குளிசையை யாருக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது என்பதைச் சொன்னது எது? நோயாளி எங்கே இருக்கிறார், எந்த வயலில் இறங்கினார், எந்தத் தண்ணீரில் நின்றார் என்ற விபரம். வீட்டு முகவரியும் தொழிலும் பொய்யாக இருந்திருந்தால் குளிசைப் பெட்டியோடு நாங்கள் எந்த ஊருக்குப் போயிருப்போம்?

அதனால்தான் தனியுரிமை பற்றிக் கதைத்தால் நோய்க் கட்டுப்பாடு கெட்டுவிடும் என்று எங்கள் ஆட்களிலேயே சிலர் சொல்லும்போது எனக்குக் கோபம் வருகிறது. அந்த மாரியில் கெட்டது எங்களுடைய கட்டுப்பாட்டு வேலைதான். பட்டியல் வெளியே போன அடுத்த கிழமையில் இருந்து எங்களுக்கு வந்த தகவலின் தரம் விழுந்தது. வாராந்த வரியில் எண்ணிக்கை சரியாகத்தான் இருந்திருக்கும், கொழும்பில் பார்ப்பவருக்கு ஒரு குறையும் தெரிந்திராது. ஊரில் அந்த எண்ணுக்குரிய வீடு எது என்று எங்களுக்குத் தெரியவில்லை.

சட்டத்தில் என்ன இருக்கிறது என்றும் தேடிப் பார்த்தேன். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தகவலை விசேட வகைத் தரவாக வைக்கிறது. பொதுச் சுகாதாரத் தேவைக்காகச் சேர்ப்பதை அது மறிக்கவில்லை, ஆனால் எதற்காகச் சேர்த்தோமோ அதற்கு மட்டும், தேவையான அளவுக்கு மட்டும் என்ற கடப்பாடு சேர்ப்பவருக்கு உண்டு. அதன் முக்கியமான பகுதிகள் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவேண்டியவை, அது தள்ளிப்போனது. ஆனால் இன்னொன்று முன்னரே இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம், எதையும் கேட்டுப் பெறலாம் என்று சொல்கிற சட்டம், அதுவே ஒருவரின் மருத்துவப் பதிவேட்டை அவருடைய எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் கொடுக்க வேண்டியதில்லை என்று விலக்கி வைத்திருக்கிறது. முறையாக விண்ணப்பித்துக் கேட்டாலும் கிடைக்காத விபரத்தை நாங்கள் ஒரு குழுவில் கேட்காமலே கொடுத்தோம்.

பெயரை எடுத்துவிட்டால் போதாதா என்று ஒரு கூட்டத்தில் கேட்டார்கள். போதாது. அமெரிக்காவில் லற்றான்யா ஸ்வீனி என்ற கணினி ஆய்வாளர் பெயர் நீக்கிய மருத்துவத் தரவில் இருந்து மசசூசெற்ஸ் மாநில ஆளுநரின் பதிவையே கண்டுபிடித்துக் காட்டினார். பிறகு, பிறந்த திகதி, பால், அஞ்சல் குறியீடு மூன்றையும் வைத்தே அந்த நாட்டுச் சனத்தில் 87 சதவீதத்தினரைத் தனியே பிரித்தெடுக்கலாம் என்று கணக்கிட்டார். எங்கள் ஊருக்கு அஞ்சல் குறியீடும் வேண்டாம். ‘இன்ன கிராமம், 34 வயது, பெண், ஆசிரியை’ என்று பத்திரிகையில் வந்தால் வாசித்து முடிக்க முதல் வீட்டைச் சொல்லிவிடுவார்கள். வாராந்த வரியில் ஒரு நோய்க்கு நேரே 1 என்று மட்டும் நிற்கும் கிழமைகள் உண்டு, மாவட்டம் முழுவதற்கும் அது பாதுகாப்பான எண். அதே 1ஐ ஒரு கிராம அலுவலர் பிரிவுக்குப் போட்டால் அது எண் இல்லை, ஆள்.

சிங்கப்பூரில் எச்.ஐ.வி. பதிவேடு வெளியே போனது 2019இல் தெரியவந்தபோது 14,200 பேரின் பெயரும் தொடர்பு விபரமும் அதில் இருந்தன. அது பெரிய நாட்டுச் செய்தி, விசாரணை எல்லாம் நடந்தது. எங்கள் பத்தொன்பது வரிக்கு விசாரணை எதுவும் இல்லை, அதை யாரும் ஒரு கசிவு என்றுகூடச் சொல்லவில்லை. அதனால்தான் எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றியது.

எங்கள் மட்டத்தில் செய்யக்கூடியதைச் செய்தோம். அந்தக் குழுவுக்கு இப்போது ஒழுங்கையின் பெயரும் எந்தச் சந்தியில் இருந்து எந்தச் சந்தி வரை என்பதும் மட்டும் போகும். சிரமதானத்துக்கு அதற்கு மேல் எதுவும் தேவைப்படவில்லை. உண்மையில் ஒழுங்கை முழுவதும் துப்புரவு செய்வதுதான் சரியும்கூட. குறிப்பு நிரல் எங்கள் தாளில் இருந்து போய்விட்டது. கர்ப்பிணி என்றால் அந்தப் பகுதிக் குடும்பநல மாதுவுக்கு நேரே தொலைபேசியில் சொல்கிறோம். படிவத்தைப் படம் பிடிக்கக் கூடாது என்றும் ஒரு கடிதம் வந்தது.

அந்தக் கடிதம் வேலை செய்யவில்லை, ஏன் என்று சொல்கிறேன். எச் 544 தபாலில் வந்தால் நாலைந்து நாள் ஆகலாம், இடையில் லீவு வந்தால் ஒரு கிழமை. நுளம்பு தபாலுக்குக் காத்திருப்பதில்லை. ஆகவே விடுதியில் இருந்து யாரோ நல்ல மனதோடு படம் பிடித்து அனுப்புகிறார்கள், அது அவருடைய சொந்தப் போன், எனக்கு வருவதும் என் சொந்தப் போன், அதே போனில்தான் என் பிள்ளைகள் கார்ட்டூன் பார்க்கிறார்கள். டெங்குவுக்குக் கணினி வழி அறிவித்தல் முறை ஒன்று இருக்கிறது. அதைப் போல மற்ற நோய்களுக்கும் எங்கள் கைவரை ஒழுங்காக வந்து, அலுவலகத் தேவைக்கென்று ஒரு போனும் தந்தால் படம் பிடிக்கும் பழக்கம் தானாக விடும். வழியைத் தராமல் தடையை மட்டும் தந்தால் ஆட்கள் ஒளித்துச் செய்வார்கள்.

அந்தப் பையனின் கதைக்கு வருகிறேன். விடுதிக்கு எடுத்தேன், வீட்டுக்குப் போய்விட்டான் என்றார்கள். பாடசாலைகளில் விசாரித்தால் அரை நாளில் பிடித்துவிடலாம், எந்த வகுப்பில் யார் வரவில்லை என்று கேட்டால் போதும். ஆனால் அதிபரிடம் கேட்பதே இன்னொரு தரம் அவனை ஊருக்குச் சொல்வதாகிவிடும். கடைசியில் குடும்பநல மாதுவிடம் போனேன். இருபது வருடமாக அந்தக் கிராமங்களில் சைக்கிளில் திரிபவர், அங்கே பிறந்த பிள்ளைகளில் முக்கால்வாசியை அவருக்குத் தெரியும். வயதையும் தாயின் முதல் பெயரையும் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்தவர், “நான் முதல்ல அந்தத் தாயோட கதைச்சிட்டுச் சொல்லுறன், நீர் இப்ப போகாதேயும்” என்றார். அடுத்த நாள் பின்னேரம் என்னைக் கூட்டிக்கொண்டு போனார். காய்ச்சல் அறிவித்து ஒன்பதாவது நாள்.

தாய் படலையைப் பாதி திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். “எங்கட பேரும் போனில வருமோ?” இல்லை என்றேன். “அப்ப எழுதித் தாங்கோ” என்றார். நான் புத்தகத்தில் இருந்து ஒரு தாளைக் கிழித்து, இந்த வீட்டு விபரத்தைச் சுகாதார வேலையைத் தவிர வேறு எதற்கும் யாருக்கும் கொடுக்க மாட்டேன் என்று எழுதி, பெயரும் பதவியும் போட்டுக் கையெழுத்து வைத்துக் கொடுத்தேன். அவர் அதை இரண்டு தரம் வாசித்தார், மடித்துச் சாமியறைக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்துதான் படலையை முழுக்கத் திறந்தார்.

கிணற்றடி துப்புரவாக இருந்தது. வளவுக்குள் ஒரு சிரட்டைகூட இல்லை. குசினிக்குள் பழைய குளிர்சாதனப் பெட்டி ஒன்று, பின்பக்கம் தண்ணீர் வடியும் தட்டு. டோர்ச் அடித்துப் பார்த்தேன், குடம்பிகள் நெளிந்துகொண்டிருந்தன. பாதி கூட்டுப்புழுவாகிவிட்டது, ஏற்கெனவே பறந்தவற்றின் தோலும் தண்ணீரில் மிதந்தது. பையன் என் தோளுக்குப் பின்னால் நின்று அதை எட்டிப் பார்த்தான். தட்டை வெளியே எடுத்து மணலில் ஊற்றினோம்.

இரண்டு வீடு தள்ளி ஒரு கிழவருக்கு முதல் நாள் இரவில் இருந்து காய்ச்சல் என்று தாய் சொன்னார். அந்த வீட்டுக்கு எங்களை அவரே கூட்டிக்கொண்டு போனார்.